விரல் முளைத்த தடம்

அம்மாவாசியின் வீட்டுக் கொல்லைக்குள் மதிலேறிக் குதித்து வந்தவனுக்கு நாளுக்கு நாள் வயது குறைந்துகொண்டே போனது. சின்னமனூரில் இப்போது இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. தேங்காய் நல்ல விலைக்குப் போய், பன்னீர் திராட்சை கேட்க நாதியில்லாமல் பந்தலிலேயே வாடிய வருடம் அது. அவரவர் கவலை அவரவருக்கு. ஆனாலும் ஆரம்பத்தில் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் அந்த வாயால் தொடங்கியதுதான்.

வாய்க்காலை ஒட்டிய தெருவில் அது கடைசி வீடு. பின்பக்கக் கொல்லையில் ஒரு வேம்பு, ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா, துவைகல், தண்ணீர்க் குழாய், சுற்றிலும் கண்ணாடிச் சில்லு பதித்த மதில். ஆடி மாதத்தில் ஒரு காலை, இறுக்கி மூடிய குழாய் திறந்து சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் கவிழ்த்து வைத்த வாளி நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்து, கொய்யாப்பழம் ஒன்று பாதி கடிபட்டுத் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. கொடியில் கிடந்த அம்மாவாசியின் துண்டில் யாரோ முகம் துடைத்த ஈரம். களவாணி என்றால் ஒரு செம்பாவது போயிருக்க வேண்டாமா? ஒன்றும் போகவில்லை. மதிலோரம் படுத்திருக்கும் கிழட்டு நாய் ஒருநாளும் குரைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தேங்காய் வியாபாரி விஜயபாண்டி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "நாய் கொலைக்கலைன்னா பழகுன ஆளுண்ணே," என்றார். "பொருளு போகலைன்னா, வந்தவன் பொருளுக்கு வரல." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் மருமகள் ஜோதிலட்சுமி இருந்ததால் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஜோதிலட்சுமி மயிலாடும்பாறைப் பெண். அம்மாவாசியின் மகன் மதன்குமாரைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருடம்தான் வாழ்ந்தாள். அவன் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப் ஓட்டினான். ஒரு மழைக்காலத்தில், ஆட்களை இறக்கிவிட்டு அவன் தேநீர் குடிக்கப் போன நேரம், மேலிருந்த சரிவு பாதையையும் வீடுகளையும் மரங்களையும் வாரிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. ஜீப் கிடைத்தது. மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். மதன்குமார் மட்டும் கிடைக்கவில்லை. அது நடந்து ஆறு வருடம். கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க மாட்டேன் என்று அவன் தாய் சுப்புத்தாய் கருமாதிக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அதனால் ஜோதிலட்சுமி பூ வைக்கவும் முடியாமல், தாலியைக் கழற்றவும் முடியாமல், நூல் மில் வேனில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் கர்ணன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான். ஆண்டிபட்டியில் மனைவியை இழந்த ஒரு நல்ல மனிதர் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். இரண்டு தடவையும் அம்மாவாசி, "எம் மகன் நாளைக்கு வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உண்மை என்னவென்றால், மருமகளும் போய்விட்டால் தானும் கிழவியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற பயம். சுத்தமான சுயநலம். அது அவருக்கும் தெரியும்.

விஜயபாண்டியின் பேச்சு அம்மாவாசிக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. ஆறு வருடமாகத் தன் வேட்டியைத் துவைத்துப்போடும் பெண்ணை அவர் சந்தேகப்பட்டார். அவளிடம் நேராகக் கேட்க நாக்கு எழவில்லை. கேமரா மாட்டச் சொன்னார்கள். மாட்டுகிறவன் பார்ப்பான், அப்புறம் ஊரே பார்க்கும். தடம் பார்த்தால் தனக்கு மட்டும் தெரியும் என்று கணக்குப் போட்டார். கொல்லை கட்டாந்தரை, தடம் விழாது. ஆகவே அரிசி ஆலைக்குப் போய் இரண்டு சாக்கு உமிச்சாம்பல் கேட்டார். அந்தப் பக்கத்தில் சாம்பலைச் சலித்துத் தரையில் தூவுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். இறந்தவருக்குப் பதினாறாம் நாள் படையல் வைத்து, சாம்பல் தூவிக் கதவைச் சாத்துவார்கள். காலையில் தடம் இருந்தால் வந்து சாப்பிட்டுப் போனதாக அர்த்தம். ஆலையில் சாம்பல் அள்ளும் ஒச்சாண்டி, யார் வீட்டில் கருமாதி என்று கேட்டான். கருமாதி இல்லை, களவாணிக்கு என்றார் அம்மாவாசி. ஒச்சாண்டி சாக்கின் வாயைக் கட்டினான். "எதுக்குத் தூவுனாலும் கூப்புட்டதாத்தாண்ணே கணக்கு," என்றான். கோபத்தில் இருந்தவருக்கு அது காதில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் மருமகள் மில்லிலிருந்து வருவதற்குள் தூவி, விளக்குமாற்றால் சமன் செய்தார். காலையில் தடம் இருந்தது. மதிலடியில் தொடங்கிக் குழாய்க்குப் போய், துவைகல்லைச் சுற்றி, வேம்படியில் வந்து நின்றது. வந்த தடம்தான் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. அம்மாவாசி குனிந்து பார்த்தார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது காலில் நான்கு விரல்தான் பதிந்திருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. மதன்குமாருக்கு ஒன்பது வயதில் திராட்சைப் பந்தலுக்கு நட்ட கல்தூண் சரிந்து காலில் விழுந்து அந்த விரல் போனது. ஊரில் அப்படி ஒரு கால் இன்னொருவருக்கு இல்லை.

சுப்புத்தாய் வந்து பார்த்தாள். தடத்தை அல்ல, சாம்பலைத்தான் முதலில் பார்த்தாள். "உசுரோட இருக்குற பிள்ளைக்கு ஏய்யா சாம்பலத் தூவுன?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். "செத்துப்போனான்னு நீயே சொல்லிட்டியேய்யா!" மருமகளை அப்படி நினைத்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம் அம்மாவாசியைத் தின்றது. இன்னொரு பக்கம், இதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம், ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. புருஷன் வந்துபோகிற வீட்டைவிட்டு எந்தப் பெண் போவாள்? அன்றே கர்ணனுக்குப் போன் போட்டு, மதன்குமார் வந்துவிட்டான், இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்றார். எங்கே, போனைக் கொடுங்கள் என்றான் கர்ணன். தடம்தான் வந்திருக்கிறது என்றார் இவர்.

ஜோதிலட்சுமி அழவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த அவனுடைய செருப்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, இடது செருப்பைத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அன்றைக்கு ஆறு வருடத்தில் முதல் தடவையாக மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். அம்மாவாசி தினமும் மாலையில் சாம்பலைச் சமன் செய்தார். தினமும் காலையில் தடம் இருந்தது. தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று ஆளுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் பறித்துக்கொண்டு போனார்கள். விழித்திருந்து பார்த்த விஜயபாண்டிக்குச் சாம்பல் அமுங்குவது தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

புரட்டாசி வாக்கில் செருப்பு தடத்தைவிட்டு விரலளவு வெளியே நீண்டது. சாம்பல் சரிந்திருக்கும் என்று அம்மாவாசி சொன்னார். தீபாவளி நெருங்கியபோது அது மீசை அரும்பாத பையனின் பாதம் என்று கண்ணிருக்கிற யாருக்கும் தெரிந்தது. நடையும் மாறியிருந்தது, குழாயிலிருந்து கொய்யாவுக்கு ஓடியிருந்தான், முன்பாதம் அழுந்தியிருந்தது. ஜோதிலட்சுமி பூ வாங்குவதை நிறுத்தினாள். ஆனாலும் செருப்பைத் தினமும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். அந்தச் சின்னத் தடத்தின் மேல் பெரிய செருப்பு மூடிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க அம்மாவாசிக்குப் பொறுக்கவில்லை. அவன் வீட்டுக்கு வரவில்லை, வீட்டைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே போய் நிற்பான் என்றுதான் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, பல் துலக்கக் கொல்லைக்கு வந்தவர் இடது தடத்தில் ஐந்து விரல்களைப் பார்த்தார். சுண்டுவிரல் பொடியாக, பயறு பதித்த மாதிரி இருந்தது. அந்த விரலோடு மகன் ஓடித் திரிந்த நாட்கள் கண் முன்னால் வந்தன. ஆனால் அவர் கை வேறு காரியம் செய்தது. அவசரமாகக் குனிந்து, கட்டைவிரலால் அந்தச் சுண்டுவிரலைத் தேய்த்து அழித்தது. மறுநாளும் அழித்தார். அதற்கு அடுத்த நாளும். எழுந்ததும் முதல் வேலை அதுவாகிப் போனது. ஊரில் பொய் சொல்லாதவர் என்று பேர் வாங்கிய மனிதர், தினமும் விடியும்போது ஒரு பொய்யைச் சாம்பலில் எழுதினார்.

ஒரு காலை அவருக்கு முன்பே ஜோதிலட்சுமி துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் செருப்பு இல்லை.

"அழிக்காதீக மாமா," என்றாள். "ஒரு வாரமா அங்கன உங்க கட்டவிரல் தடந்தான் இருக்கு."

அழிக்கக் குனிந்த அம்மாவாசி நிமிர்ந்தார். வேம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்தன்னைக்கு அவுக மூஞ்சிய நான் பாக்கவே இல்ல மாமா. தலைய நிமித்தாதன்னு அத்தை சொன்னாக. குனிஞ்சே இருந்தேன். மணவறையச் சுத்தி வரும்போது முன்னால போன அந்தக் காலத்தான் பாத்தேன். நாலு வெரலு. ஒண்ணும் கொறையில்ல, வாழலாம்னு அன்னைக்கு நெனச்சேன்." தடத்தைக் காட்டினாள். "இந்தக் காலுக்கு வெரலு மொளைச்சிருச்சு. இது என்னையக் கட்டுன காலு இல்ல. இந்தப் பய என்னையப் பாத்ததே இல்ல மாமா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மாவாசி எதிர்த்துப் பேசியிருப்பார். அவள் கெஞ்சியிருந்தால் கல்லாகியிருப்பார். அவள் சும்மா சொன்னாள், வானம் மூடிக்கிடக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவர் குனிந்து தடத்தைப் பார்த்தார். பொடி விரல் அப்படியே இருந்தது. அழிக்கக் கை வரவில்லை. வாய்விட்டு அழுதார், மலை சரிந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுததில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தானே கர்ணனுக்குப் போன் போட்டார். "தங்கச்சிய வந்து கூட்டிட்டுப் போப்பா," என்றார். "இங்கன அவளுக்குப் புருஷன் இல்ல." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆறு வருடம் ஆகியிருந்தது.

தாலியைச் சுப்புத்தாயே கழற்றினாள். அழுகைக் கூட்டம் கூட்டவில்லை, விதவைக் கோலம் பூட்டவில்லை, கருமாதியும் செய்யவில்லை. புருஷன் செத்தால்தானே அதெல்லாம். இவனுக்கோ இன்னும் கல்யாண வயதே வரவில்லை. அதில் ஒரு நியாயம் இருந்ததால் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. தை மாதம் ஜோதிலட்சுமிக்கும் ஆண்டிபட்டிக்காரருக்கும் கல்யாணம் நடந்தது. அம்மாவாசி போய், விருந்தாளிபோல மொய் எழுதாமல், பெண் வீட்டாரோடு நின்று பந்தி கவனித்தார்.

அவள் போன பிறகு வீட்டில் இரண்டு பேரின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பயந்தபடியேதான் இருந்தது, இன்னும் கொஞ்சம் மோசமாகவே இருந்தது. சாம்பலில் தடம் பள்ளிக்கூடம் போகிற அளவாகி, பிறகு நடை பழகுகிற அளவானது. இரண்டு அடி வைத்து உட்கார்ந்த இடத்தில் சின்னக் குண்டிப் பதிவு இருந்தது. சுப்புத்தாய் மதிலோரக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி எறிந்தாள், துவைகல்லின் முனையில் பழந்துணி சுற்றினாள். மாசியில் உள்ளங்கையும் முழங்காலும் பதிந்தன. பங்குனியில் வேம்படியில் குப்புற விழுந்த ஒரு பதிவு. அதற்கப்புறம் ஒரு காலை, தூவின சாம்பல் தூவினபடியே கிடந்தது.

அம்மாவாசி அதன் முன்னால் வெயில் ஏறும்வரை நின்றார். "போயிட்டான் போலயே," என்றார்.

"எங்கிட்டுப் போவான்?" என்றாள் சுப்புத்தாய். "வந்த தடந்தான பாத்தோம். போன தடம் பாத்தியாய்யா?" பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து வேம்பின் தாழ்ந்த கிளையில் தொட்டில் கட்டினாள். காற்றில்லாத நேரத்திலும் அது நடுவில் தாழ்ந்து கனத்துத் தொங்கியது. அன்றோடு சாம்பல் தூவுவது நின்றது. புழுதி பறக்கும், பிள்ளைக்கு ஆகாது என்று அவள் விளக்குமாற்றையும் பிடுங்கிக்கொண்டாள். அம்மாவாசி கொல்லைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகப் பழகினார். குழாயடியில் வாளியைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினார். மகன் இல்லை என்று ஒரு தடவை ஓவென்று அழுது முடிக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதற்கும் வழியில்லை, பிள்ளை விழித்துக்கொள்ளும்.

இரண்டு வருடம் கழித்து ஜோதிலட்சுமிக்குக் குழந்தை பிறந்தது. சின்னமனூரிலிருந்து சிலர் வேலை மெனக்கெட்டு பஸ் ஏறிப் போய் அதன் இடது காலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்து விரலும் இருந்தன. அதுவும் போக, பிறந்தது பெண். கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பி வந்து தேங்காய் விலையைப் பேசினார்கள். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது ஜோதிலட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு, தாய்வீட்டுக்கு வருவதுபோல, மாமனார் வீட்டுக்கு வந்தாள். அம்மாவாசிக்குக் கை கால் ஓடவில்லை. பேச்சு, காபி, மறுபடி பேச்சு. மதியம் பிள்ளைக்குத் தூக்கம் சொக்கியது. ஜோதிலட்சுமி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய், வேம்பில் தொங்கிய தொட்டிலின் சேலையை விலக்கினாள்.

"அதுல வேண்டாமாத்தா," என்றாள் சுப்புத்தாய், குரலைத் தாழ்த்தி. "இப்பத்தான் கண்ணசந்தான்."

ஜோதிலட்சுமி விலக்கிய சேலையை முன்பு இருந்தபடியே மெல்ல மூடினாள். அம்மாவாசி உள்ளே போய் இன்னொரு சேலையும் கயிறும் எடுத்துவந்து, பக்கத்துக் கிளையில் சத்தமில்லாமல் கட்டினார்.