வீணைப் பாட்டு

அந்தப் பாட்டில் வீணையே கிடையாது. ஆனாலும் திருச்சி முழுக்க அதற்கு வீணைப் பாட்டு என்றுதான் பெயர். படத்தில் கதாநாயகி நந்தவனத்தில் உட்கார்ந்து மடியில் வீணையை வைத்துக்கொண்டு விரலை ஆட்டுகிறாள். கண் பார்த்துவிட்ட பிறகு காதை யார் கேட்கிறார்கள்? பாட்டு தொடங்குமுன் குழைந்து குழைந்து வருகிற அந்த இசையை வாசித்தது ஒரு கிதார். மடியில் படுக்கப் போட்டு, கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கிற ஹவாயன் கிதார். வாசித்தவன் அருள்நாதன். பாலக்கரையில் ஒரு சந்தில் குடியிருந்துகொண்டு, உறையூர்ச் சுருட்டுக் கம்பெனி ஒன்றில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். அடுத்தவன் சரக்குக்குப் பெயர் ஒட்டுவதே அவன் பிழைப்பாகிப் போனது.

ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் அவன் பெண்டாட்டி அக்னஸ். தெரிந்ததை மனசுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. அவள் அதைக் குழாயடியில் சொல்லிவிட்டாள்.

எதிர் வீட்டில் அன்று கல்யாணம். ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. குடத்தோடு நின்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "இது எங்க வீட்டுக்காரர் வாசிச்சதுக்கா" என்றாள். பக்கத்து வீட்டு அமிர்தம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் படத்துல வாசிக்கிறது ஒரு பொம்பளை. உங்க வீட்டுக்காரர் என்ன, புடவை கட்டிக்கிட்டுப் போய் உக்காந்தாரா?"

குழாயடியே குலுங்கிச் சிரித்தது. சாயங்காலம் அமிர்தத்தின் புருஷன் அருள்நாதனையே வழிமறித்துக் கேட்டான். அருள்நாதன் பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் பெண் பார்க்கிற வீட்டோடு சரி. இங்கே அவன் மௌனத்துக்கு, பெண்டாட்டி பொய்க்காரி என்று பொருளாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் பெயர் சினிமாக்காரி அக்னஸ். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரம் மாறியிருக்கிறது என்று அவள் சொன்னால்கூட, இன்னொருத்தியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் முக்காட்டைப் போட்டார்கள். அதுதான் அவளை அரித்தது. புருஷன் வாசித்த கிதாரை உலகம் வீணை என்றோ வெண்டைக்காய் என்றோ சொல்லிக்கொள்ளட்டும். தான் பொய் சொல்லவில்லை என்று அந்தச் சந்து ஒரே ஒரு தடவை ஒப்புக்கொண்டால் போதும் அவளுக்கு.

அருள்நாதன் இப்படி ஆனதற்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். ஐம்பத்தொன்றில் கிதாரைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போனவன், ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கி வாசித்தான். முதல் படம் வந்தபோது அக்னஸோடு மாமியாரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனான். டைட்டில் ஓடியது. ஒப்பனை செய்தவர், துணி தைத்தவர், யானையைக் கொடுத்து உதவியவர் வரைக்கும் பெயர் வந்தது. இவன் பெயர் வரவில்லை. "அடுத்த படத்துல போடுவாங்க" என்றான். ஆறு வருஷம் அடுத்த படம், அடுத்த படம் என்றே கழிந்தது. வீணைப் பாட்டு நாட்டையே ஒரு ஆட்டு ஆட்டியபோது, மியூசிக் டைரக்டரிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டான். அந்த மனிதர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கம்பி இழுக்கிறவன், டொக்கு அடிக்கிறவன் பேரையெல்லாம் போட்டா, டைட்டில் முடியறதுக்குள்ள இன்டர்வெல் வந்துடும்பா" என்றார். கூட இருந்த வாத்தியக்காரர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும்தான் பெயர் வரவில்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

மறுநாள் ரயிலேறி வந்தவன்தான். கல்யாணம், காதுகுத்து, மாதா திருவிழா, எதற்கும் போகமாட்டான். எங்கே போனாலும் அந்தப் பாட்டு வந்து நிற்கிறதே! கிதார் சாக்குக்குள் கட்டுண்டு கட்டிலுக்கடியில் கிடந்தது.

அறுபத்து மூன்றில் வீரமலை வந்தார்.

வீரமலை ஸ்ரீரங்கத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். ஊர்க் கல்யாணங்களில் எல்லாம் பந்தல் மூலையில் உட்கார்ந்து கிராமபோன் பிளேட்டுப் போட்டுப் போட்டு, பாடுகிறவர் குரலைவிடப் பின்னால் வாசிக்கிறவர்களின் கை அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது. வேறு வேறு படம், வேறு வேறு மியூசிக் டைரக்டர், ஆனால் கிதார் இழுக்கிற கை ஒன்றே என்று அவர் காது சொன்னது. காபி கிளப்பில் இதைச் சொன்னபோது, ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர் சீறினார். "கிதாராவது ஒண்ணாவது! அது கோட்டுவாத்தியம். வீணைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. இந்தக் குழைவு வேற எதுல ஓய் வரும்?" வார்த்தை தடித்தது. ஆளையே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று வீரமலை கிளம்பிவிட்டார்.

சமயபுரம் திருவிழாக் கச்சேரிக்கு வந்த பட்டணத்து வாத்தியக்காரர்களைக் கேட்டார். "திருச்சிக்காரர்தான், கிறிஸ்டியன். பேரு மறந்துபோச்சு" என்றார்கள். பொன்மலை, மேலப்புதூர் என்று பாண்டு வாசிக்கிறவர்களை எல்லாம் விசாரித்துச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பாலக்கரை டீக்கடை ஒன்றில் கேட்டபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் பல்லை இளித்தான்.

"சினிமாக்காரி வீட்டைக் கேக்குறீங்களா? நேராப் போங்க, குழாயடியிலயே நிக்கும்."

ஊர் கேலிக்கு வைத்த பெயர் இப்படி வழிகாட்டிப் பலகையாகவும் உதவியது. வீரமலை குழாயடிக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அத்தனை பெண்களுக்கும் எதிரில் கேட்டார்.

"வீணைப் பாட்டுக்கு கிதார் வாசிச்சவர் வீடு இங்க எதுங்கம்மா?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அக்னஸுக்கு அழுகைதான் வந்தது. "எங்க வீடுதாங்கண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்றால், இவளுக்குப் பால், பழம், கிண்ணம் மூன்றுமே வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது.

புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அவனைக் கேட்காமலேயே அவள் வாக்குக் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வாங்கண்ணா. வாசிப்பாரு." அந்த ஹெட்மாஸ்டரையும் பிளேட்டுப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வீரமலையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அருள்நாதன் சோற்றைப் பிசைந்தபடி "ம்" என்றான். கோபமா, சரியென்றானா என்று அந்த ஒற்றை எழுத்தில் தெரியவில்லை. ஆனால் மறுநாள் பெரிய கடைவீதிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தான். சனிக்கிழமை சாயங்காலம் சாக்கை அவிழ்த்து, கிதாரைத் துடைத்து, துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினான். முறுக்காணியைத் திருகித் திருகிச் சுருதி கூட்டிய சத்தத்தை அக்னஸ் அடுப்படியில் நின்று கேட்டாள். அதற்குமேல் அவளுக்கு என்ன சாட்சி வேண்டும்? அமிர்தத்தின் வீட்டுக்குப் போய், "நாளைக்கு வந்து உங்க காதாலயே கேட்டுக்குங்கக்கா" என்று அழைப்பு வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்க அவர்கள் வாசலில் நின்றது. குதிரை வண்டியிலிருந்து வீரமலையும் ஹெட்மாஸ்டரும் பெட்டியை இறக்கினார்கள். அருள்நாதன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். வீரமலை அவனைக் கண்டதும் கும்பிட்டார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க கையைத்தாங்க இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அருள்நாதனின் முகம் இளகியது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்ததுதான் அக்னஸ்.

பிளேட்டுச் சுழன்றது. இசை வந்தது. அவன் கட்டைவிரல் தொடையின் மேல் தானாக நகர்வதை அவள் பார்த்தாள். அமிர்தமும் பார்த்தாள். இதோ, இன்னும் ஒரு நிமிஷம்.

அப்போதுதான் ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"இவர் எங்க வேலை பார்க்கிறார்? சுருட்டுக் கம்பெனியா? சரி. எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை பாட்டுக்கு வாசிச்சவர்னா ஒரு இடத்துலயாவது பேர் போட்டிருக்க மாட்டானோ? எதுக்கும் இப்ப வாசிச்சுக் காட்டட்டும். பிளேட்டோட ஒத்துப்போறதான்னு நான் பார்த்துச் சொல்றேன்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பையன்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டே பழகியவர், இங்கேயும் கேட்டுவிட்டார். ஆனால் அருள்நாதனின் முகத்து வெளிச்சம் அணைந்தது. 'மாதாவே, வாசிச்சுடட்டும். ஒரே ஒரு இழுப்பு இழுத்துடட்டும்' என்று அக்னஸ் வேண்டிக்கொண்டாள்.

அருள்நாதன் எழுந்து, பிளேட்டின் மேலிருந்த ஊசியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தான்.

"அது வீணைங்க" என்றான். "படத்துலயே அந்தப் பொண்ணு வாசிக்குதே, நீங்க பார்க்கலையா? எம் பொண்டாட்டி பேச்சை நம்பி ஸ்ரீரங்கத்துலேருந்து வண்டி கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, பாவம்."

சிரிப்பு முதலில் யாரிடமிருந்து கிளம்பியதோ தெரியவில்லை. வாசல் முழுக்கச் சிரித்தது. வீரமலை மட்டும் அக்னஸையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அவளுடைய பூசாரிக்கு அவள் பன்னிரண்டு வருஷம் சோறு போட்டிருக்கிறாள்! வண்டி போனது. "வரேன் சினிமாக்காரி" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த அருள்நாதனிடம் அவள் கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவரு வைக்கிற பரீட்சையில நான் பாஸ் பண்ணிக் காட்டணுமா? அவனுங்க போடாத பேரை ஊர் ஊராப் போய்ப் பிச்சை கேக்கணுமா?"

"உங்க பேரு கிடக்கட்டும். நான் பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஊரு என்ன பேசினா என்ன அக்னஸ்? நமக்குத் தெரியுமில்ல."

"உங்க பேரை அவங்க போடாம விட்டாங்க, அவ்வளவுதான். அதுக்கே ஆறு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறீங்க. நீங்க எம் பேரை நாசம் பண்ணியிருக்கீங்க. நான் யார்கிட்டப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறது?"

அவன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு கிதாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து இழுத்தான்.

பாட்டு தொடங்குமுன் வருகிற அதே இசை. ஒரு இம்மி பிசகவில்லை. ஆறு வருஷம் தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். இந்த இசையைத்தான் அவள் கல்யாணப் பந்தல்களில் தெருவோரமாக நின்று திருட்டுத்தனமாகக் கேட்டாள். இப்போது அவளுக்காகவே வாசிக்கிறான். நெஞ்சு கரைந்தது. எல்லாவற்றையும் மறந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தனக்கே வாசித்துக் காட்டுகிறான் என்று நினைத்ததும் கரைந்த நெஞ்சு மறுபடி கட்டியாகிவிட்டது.

பாட்டு வரவேண்டிய இடத்தில் அவன் நிறுத்தினான்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அமிர்தத்தின் குரல்.

"அக்னஸ்! அந்த மைக்செட்காரர் பெட்டியை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரா? ஏன்டி நிறுத்திட்ட? இப்பத்தானே பாட்டு வர்ற இடம்! மறுபடி ஊசியை வை."

அருள்நாதன் நிமிர்ந்தான். பரீட்சை வைக்க வந்தவளும் இல்லை, முகஸ்துதிக்கு வந்தவளும் இல்லை. அவன் வாசிப்புக்கும் பிளேட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தி வாசலில் நிற்கிறாள். பட்டணத்தில் ஆறு வருஷம் ஏங்கியும் கிடைக்காதது கதவைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"போய்ச் சொல்லு அக்னஸ்" என்றான். "நான்தான் வாசிச்சேன்னு சொல்லு. உள்ள கூட்டிட்டு வா."

அக்னஸ் அவனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். உள்ளே இருப்பது தெரியாதபடி கதவைப் பாதி திறந்து, நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாக்கா, பிளேட்டுதான்" என்றாள். "கீறல் விழுந்துபோச்சு. இனிமே பாடாது."

அந்தச் சந்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. அமிர்தம் உடனே நம்பிவிட்டாள்.