சிவப்புச் சீட்

மீன்பிடிப் படகைப் பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்தே பழகியவன் முர்ஷித். களப்பில் ஆட்களை ஏற்றிச் சுற்றவென்று மச்சான் இன்ஷாப் வாங்கியிருந்த பழைய படகின் சிவப்பு ரெக்சின் சீட்டுகளையும் அப்படியே தேய்த்தான். துணியில் ஒட்டிய சிவப்பை அழுக்கென்றே நினைத்தான்.

பெருநாள் தொழுகை முடிந்து, வெள்ளை வெளேரென்று வந்த வாப்பாதான் முதல் சுற்றுப் போனார். இறங்கி அவர் திரும்பியதும் முர்ஷிதுக்கு உயிரே போய்விட்டது. வெள்ளைச் சாரனின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு.

“யா அல்லாஹ்! என்னத்தப் போட்டுடா துடைச்சாய்?” என்று இன்ஷாப் அலறினான்.

“தின்னர், மச்சான்...”

“சவுக்காரத் தண்ணியும் மெல்லிய துணியும் போதுமெண்டு படகை வித்தவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!”

முர்ஷித் படகைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த சுற்றுக்கு வெள்ளையும் சள்ளையுமாக ஊரே ஏறி உட்கார்ந்தாயிற்று.