புல் முளைத்த பிறகு வரும் பதிப்பு

...இன்றைக்கே, மாலைக்குள்ளேயே, பிறகு யார் காத்திருப்பார்கள், ஆடுகள் காத்திருக்குமா, மந்தை மலையேறிவிட்டால் இலையுதிர் காலம் வரை போனில் சிக்னல் கிடையாது, மற்றவர்கள் தங்கள் மென்பொருளை நினைத்தபோது வெளியிடட்டும், இந்த வரைபடத்துக்கு நாள் குறிப்பது புல்தான், புல் முளைத்தால் புதுப் பதிப்பு வந்தாக வேண்டும்... பிஷ்கெக்கின் மத்தியான நெரிசலில் மர்ஷ்ருத்கா வேன் குலுங்க, சைகால் ஒரு கையால் மேல்கம்பியையும் மறுகையால் போனையும் பிடித்தபடி தானாகச் சிரித்தாள், எதிரே இருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள், பார்க்கட்டும். மலைப்பாதை, ஊற்று, பாலம் எல்லாவற்றையும் சிக்னல் இல்லாமலே காட்டும் வரைபடம், நாலைந்து பேர் காசு வாங்காமல் செய்தது, யாரும் திறந்து திருத்தலாம், அதில் தீராத புகார் இன்று ஒன்றுகூட இல்லை. முன்பெல்லாம் என்ன கூத்து, மேய்ப்பர்கள் குரல் பதிவு அனுப்புவார்கள், பாதி காற்று, பாதி நாய்க்குரைப்பு, கேட்டு எழுதுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அவள்தான் சண்டை போட்டு இந்த ட்ராக்கரைக் கொண்டுவந்தாள், ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், நாம் கேட்ட விவரத்துக்கு ஒரு மாதம் பதில் வராவிட்டால் அதுவே ‘தீர்ந்தது’ என்று மூடி, புகார் தந்தவருக்கும் செய்தி அனுப்பிவிடும். கூடச் சேர்ந்து வரைபடம் செய்யும் மெதெர், அவளைவிடச் சின்னவன், அக்கா என்று ‘எஜே’ போட்டுப் பேசினாலும் அப்போதே நக்கல், “எஜே, இது ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு. ஆடு மேய்க்கறவங்களுக்கு இல்ல.” பொறாமை, வேறென்ன...

எதையெல்லாம் சரிசெய்தோம் என்று பதிப்போடு பெருமையாக எழுத வேண்டாமா, மூடிய புகார்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள், குர்-சாய் ஓடைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, அனுப்பியவர் மேய்ப்பர் கல்முரத், கீழே அவளுடைய கேள்வி, படம் அனுப்ப முடியுமா பைகே, அண்ணே... போன ஜூலையில் கேட்டிருக்கிறாள். ஜூலையில் அவர் எங்கே இருந்திருப்பார், சிக்னல் இல்லாத மலைமேல்தானே? சரிசெய்தது யார்? யாருமில்லை, ஆனால் தீர்ந்தது. வரைபடத்தில் பாலம் அப்படியே கம்பீரமாக நிற்கிறது. உடனே கல்முரத்தை அழைத்தாள், நல்லவேளை எடுத்தார், பின்னால் ஆடுகளின் கத்தல்.

“பாலமா? அதத்தான் கட்டியாச்சே. தீர்ந்ததுன்னு உங்ககிட்டருந்துதான சேதி வந்துச்சு. எந்த அதிகாரியும் செய்யாதத நீங்க செஞ்சுட்டீங்கன்னு ஊரே பேசுது. நாளைக்கு விடிஞ்சதும் அந்த வழிதான்.”

“பைகே, நாங்க கட்டல. யாருமே கட்டல.”

“அப்ப ஏம்மா தீர்ந்ததுன்னு சொன்ன?” திட்டியிருக்கலாம், திட்டவில்லை, அதுதான் சுட்டது. இன்னொரு மேய்ப்பன் பெக்தூர் காலையிலேயே அந்த வழியில் மந்தையோடு ஏறிவிட்டானாம், குதிரையில் விரட்டிப்போய் மறிக்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

மெதெரைப் போனில் பிடித்து, வரைபடத்திலிருந்து பாலத்தை எடு, பதில் வராமல் மூடின எல்லாவற்றையும் திற என்றாள், அவன் ஒரு வார்த்தை நக்கலடிக்கவில்லை. திரையில் புகார்கள் மளமளவென்று திரும்பி வந்தன, ஊற்று வற்றியது, பாதை சரிந்தது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள், வெட்கத்தையும் மீறி அவளுக்குள் ஏதோ துள்ளியது, மாலைக்குள் முடியும், முடித்துவிடலாம், கையில் இன்னும் நேரம் இருக்கிறது... இறங்க வேண்டிய இடம் கடந்து போனது. பெக்தூரின் எண்ணை அழைத்தாள், மறுபடி அழைத்தாள். பதில் இல்லை. பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவள்தானே எழுதி வைத்திருந்தாள்.