பொட்டை மீன் கேட்ட பஞ்சநாதன்

“பொட்டை எங்க சார்? பாதிக்குப் பாதி பொட்டை இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கொண்டாந்து இறக்குனா, எது என்னன்னு நான் எப்படிப் பார்க்குறது?”

“தலைவரே, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு இது. இதுல ஆணு பொண்ணு யாருக்குய்யா தெரியும்?”

“ஏன், ஆட்டுக்குட்டி விழுந்த ஒடனே வாலைத் தூக்கிப் பார்த்துச் சொல்றோமில்ல?”

“இதுக்கு எந்த வாலைத் தூக்கச் சொல்றீங்க?”

மேலக்குடிக்காட்டுக் குளக்கரையில் எழுந்த இந்தச் சத்தம் மேற்கே மலையடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்காமல் போனவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கத்தியவர் பஞ்சநாதன். குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் ஐந்து பேர் சங்கத்துக்குத் தலைவர். எதிரே நின்றவர் மீன் ஆபீசர் ஆரோக்கியசெல்வம், வரதராசன்பேட்டைக்காரர், சின்ன வயசு. கோபம் வந்தால் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்கு அதை மூன்று தரம் தள்ளிவிட்டார்.

தண்ணீரில் நின்று பாசி வாரிக்கொண்டிருந்த பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் மாமனுக்குப் பொறுக்காது. பஞ்சநாதன் அவளுக்குத் தாய்மாமன். அவள் அப்பா ராசாங்கமும் அந்த ஐந்து பேரில் ஒருவர்தான். ஆனால் ஒரு பக்கம் கைகால் விழுந்து, போன வருஷத்திலிருந்து கட்டிலோடு கிடந்தார். அவர் பங்கு வேலையை, சாணி கரைப்பதிலிருந்து தவிடும் புண்ணாக்கும் ஊறவைத்துப் போடுவது வரைக்கும், அவள்தான் பார்த்தாள்.

இந்த மழையோடு ராசாங்கத்தின் இடத்தில் ஓர் ஆம்பளையைச் சேர்த்துவிடுவது என்று மாமன் முடிவு கட்டியிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பங்கு போனால் அப்பாவின் மருந்துக்கும் வீட்டு உலைக்கும் வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. “நான் பார்த்துக்க மாட்டேனா?” என்பார். அதுதான் அவளுக்கு ஆகவில்லை. சண்டை போட அவளுக்கு வாய் வரவில்லை. மாமன் வீட்டுக்கு மோர் வாங்கப் போவதை மட்டும் நிறுத்தினாள். சொந்தபந்தத்துக்குள் அதற்குமேல் ஒரு சண்டை அந்த ஊரில் கிடையாது.

பொட்டை மீன் எங்கிருந்து வந்தது என்றால், வேப்பந்தட்டையிலிருந்து வந்தது. அங்கே மீன் வளர்க்கிறவர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். பஞ்சநாதன் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கூட்டம் முடிந்திருந்தது. மீதியில் பாதியை மைக் தின்றுவிட்டது. “இனிமே குளத்துல பெண்களும் இருக்கணும், பாதிக்குப் பாதி இருந்தா ரொம்ப நல்லது, இல்லேன்னா குஞ்சு கிடையாது” என்று ஆபீசர் சொன்னது மட்டும் அவர் காதில் சுத்தமாக விழுந்தது. பட்டி போட்டு ஆடு வளர்த்த மனிதருக்கு வேறென்ன தோன்றும்? திரும்பி வந்து டீக்கடையில், சர்க்காரே பொட்டை மீன் தரப்போகிறது, அடுத்த வருஷம் குஞ்சே வாங்க வேண்டாம், நம்ம குளத்திலேயே பெருகிவிடும் என்று பீற்றிக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் குஞ்சு தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது.

“இது ஓடற தண்ணியில பெருகற ஜாதி தலைவரே. குளத்துல எத்தனை பொட்டை விட்டாலும் பெருகாது. நான் சொன்னது மீனை இல்லை. பொம்பளைங்களை.”

“எந்தப் பொம்பளைங்களை?”

“உங்க ஊர்ப் பொம்பளைங்களைத்தான். சங்கத்துல ரெண்டு பேராவது மெம்பரா இருக்கணும்.”

குஞ்சு கொண்டுவந்த வேனின் டிரைவர்தான் சிரிப்பை ஆரம்பித்து வைத்தார். ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். அதன்பின் கரையில் கூடியிருந்த யாரையும் பிடிக்க முடியவில்லை. பஞ்சநாதனின் முகம் சூளைச் செங்கல் நிறத்துக்கு வந்தது.

“குளத்துல பொம்பளைக்கு என்ன சார் வேலை?” என்று கேட்டார். முழங்கால் தண்ணீரில், இரண்டு கையிலும் பாசியோடு, பொன்னுத்தாய் அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

ஆபீசர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். குஞ்சுகள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் இருந்தன. “வெயில் ஏறுது. பையில காத்து ரொம்ப நேரம் தாங்காது. ரெண்டு பேரைச் சொல்றீங்களா, இல்லை வண்டியை அடுத்த ஊருக்கு விடட்டுமா?”

“எழுதுங்க சார். பாப்பாத்தி.”

பாப்பாத்தி பஞ்சநாதனின் சம்சாரம். வேடிக்கை பார்க்க வந்து, கரையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள்.

“என் பேரையா? எனக்கு மீன் வாடையே ஆகாது. கொழம்பு வைக்கறப்பவே மூக்கைப் பொத்திக்கிட்டு வைக்கறேன். என் பேரை எழுதுனீங்க, ராத்திரிக்கு நீங்களே பொங்கித் தின்னுங்க!”

“சும்மா பேருக்குத்தான்டி.”

“பேருக்கு இருக்க வேற பொண்டாட்டி பாருங்க. அந்தா, தண்ணியில நிக்கறாளே ஒருத்தி, அவ உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

பஞ்சநாதன் திரும்பவில்லை. குரல் மட்டும் இறங்கியது. “தெரியாம என்ன? அவ நாளைக்குக் கட்டிக்கிட்டு வேத்தூரு போறவ. பங்கையும் சீர்சாமானோட தூக்கிக்கிட்டுப் போவாளா?”

நியாயமான கேள்விதான் என்று கரை தலையாட்டியது. கரை எதற்கும் தலையாட்டும்.

“நான் போகலை” என்றாள் பொன்னுத்தாய்.

“எங்க போகலை?”

“வேத்தூருக்கு. கட்டிக்கறவன் இங்க வரட்டும்.”

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை. சொல்லிவிட்டு, கையிலிருந்த பாசியைக் கரையில் எறிந்தாள். கரையில் கிழவிகள் கன்னத்தில் கை வைத்தார்கள்.

“எவன்டி வருவான்?” என்று கேட்டார் மாமன்.

“வராட்டிப் போறான். மீன் வளரும்ல?”

பஞ்சநாதன் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். காது குத்தின அன்றைக்கு அவர் மடியில் உட்கார்ந்து, வலி தாங்காமல் அவருடைய புதுச்சட்டைப் பொத்தான் அத்தனையும் பிய்த்தெறிந்தவள். அன்றைக்கும் இதே முகம்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எழுதுங்க சார்” என்றார். “பொன்னுத்தாய், தகப்பன் பேரு ராசாங்கம். பிடிவாதத்துக்குன்னு ஒரு எடம் விட்டிருந்தா அங்கயும் இவ பேரையே போடுங்க.”

“ரெண்டாவது?”

“என் பேரே இருக்கட்டும்” என்றாள் பாப்பாத்தி. “தண்ணியில எறங்க மாட்டேன். கூட்டத்துக்கு நான் போறேன். இந்த மனுசன் காதை நம்பி இன்னொரு தடவை அனுப்புனா, அடுத்து மீனுக்குக் கொம்பு கேட்பாரு.”

பைகளைக் குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கிற தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்தபிறகுதான் வாயைப் பிரிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க மாமனும் மருமகளும் ஆளுக்கு இரண்டு பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

“பாத்து, சேறு வழுக்கும்.”

“போன வருசமும் நான்தான் மாமா எறங்குனேன்.”

“தெரியும்.” கையிலிருந்த பையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்க அத்தை தெனமும் மோரை எடுத்து வெச்சிட்டு வாசலைப் பார்த்துக்கிட்டே கெடக்கறா” என்றார்.

“அத்தையா பார்க்குது, நீங்களா?”

“பையைப் பிரி, பையைப் பிரி. பேச வந்துட்டா.”

ஆரோக்கியசெல்வம் அடுத்த வருஷமே புதுக்கோட்டைப் பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்முன் ஏலாக்குறிச்சியில் சாந்தி மேரி டீச்சரைக் கட்டினார். கல்யாணத்துக்குப் பாப்பாத்தி போய் வந்தாள். மீன் குழம்பு பரிமாறினார்களாம், மூக்கைப் பொத்தாமல் சாப்பிட்டாளாம். வேப்பந்தட்டைக் கூட்டத்துக்கெல்லாம் அவள்தான் போனாள். பஞ்சநாதன் வீட்டில் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டார்.

பள்ளிக்கூடம் கட்டுவதற்கு ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்டு லாரி வந்துபோயிற்று. அதில் மூட்டை இறக்க வந்தவன் சாமிதுரை. இறக்கிவிட்டு மீன் வாங்கக் குளத்துக்கு வருவான். தாயும் தகப்பனும் இல்லாத ஒற்றை ஆளுக்கு இத்தனை மீன் எதற்கு என்று ஊர் ஒரு மாதம்தான் யோசித்தது. அவன் பொண்ணு கேட்டு வந்தபோது, ராசாங்கம் கட்டிலில் கிடந்தபடியே சம்மதித்தார். மாமன் முதலில் முறைத்தார், பிறகு பையன் ஊர் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

தையில் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு டிரங்குப் பெட்டியோடு பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினான். பொண்டாட்டி வீட்டுக்குக் குடிவருகிற ஆம்பளையைப் பார்க்க ஊரே ரோட்டுக்கு வந்திருந்தது. எல்லோரும் ஆசைதீரச் சிரித்தார்கள். பஞ்சநாதன் முன்னால் போய், பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.