தண்ணீரை வீணாக்குவோர் கவனத்திற்கு

எங்கள் குடியிருப்போர் சங்க வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தியொன்றை இதனால் யாவருக்கும் அறிவித்துக்கொள்கிறேன். அடுக்ககத்தின் வாசிப்பறைக்கு, அதாவது பழைய சைக்கிள்கள் கிடந்த இடத்தில் இரண்டு அலமாரி போட்டிருக்கிறோமே அதற்கு, என் மனைவியின் பெயரைச் சூட்டப் பொதுக்குழு கூடியது. வீடுகள் இருபத்துநாலு, வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்க வந்தவர்கள்.

நான்தான் செயலாளர். கொரோனா காலத்திலும் நானே. அப்போது நான் ஒட்டிய அறிவிப்புகளுக்கு எண் உண்டு, முத்திரை உண்டு. காய்ச்சலோ இருமலோ வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செயலாளரிடம் சொல்ல வேண்டும் என்பது ஏழாம் எண். எங்களுக்கு நேர் கீழே முதல் மாடியில் இருக்கும் தையல்காரம்மா சொல்லாமல் இருமினார். நானே சுகாதாரத் துறைக்குப் போன் போட்டேன். வண்டி வந்து அழைத்துப் போனது. அவர் கதவில் சிவப்பு மையில் ஒரு தாளும் ஒட்டினேன். பத்து நாளில் அவர் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார். தாளைத்தான் நான் எடுக்கவில்லை.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். என் ஒவ்வொரு அறிவிப்பையும் காலைத் தேநீரோடு, வானொலியில் செய்தி வாசிப்பவர் குரலில் படித்துக் காட்டுவாள். “ஏங்க நோட்டீஸு, கொசுவுக்கு ஒண்ணும் எழுதலையா? அதுங்க மாஸ்க் போடாம திரியுதே” என்பாள். இருபத்தாறு வருடத்தில் என் மிடுக்கைப் பார்த்து மனம் விட்டுச் சிரித்த ஒரே ஆள்.

அந்தத் தாள் இன்னும் கீழே ஒட்டியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இருமினாள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது டாக்டர் இல்லை, ஏழாம் எண். செயலாளர் வீட்டு வாசலிலேயே சிவப்பு மையா? வெறும் தொண்டைக் கமறலாக இருக்கும், இரண்டு நாள் பார்ப்போம் என்றேன். இருமல் வந்தால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமச் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.

வியாழக்கிழமை மொட்டைமாடித் தொட்டி காலி. ஆளாளுக்குப் போன் செய்து என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். செயலாளர் சும்மா இருக்க முடியுமா? ‘தண்ணீரை வீணாக்குவோர் கவனத்திற்கு’ என்று பத்தொன்பதாம் எண்ணை எழுதினேன். ‘பொறுப்பற்ற சிலர்’ என்றும் அதில் போட்டேன். மேசைமேல் கிடந்ததை அவள் எடுத்துப் படித்தாள். அன்றைக்குக் குரல் மாற்றவில்லை. அதற்குப் பிறகு குழாய்ச் சத்தம் வரவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினாள். சனிக்கிழமை விடியும்போது மூச்சுக் கிடைக்காமல் என் சட்டையைப் பற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் சங்கத் தலைவர் என்னைத் தியாகி என்றார். சொந்த இழப்பிலும் கடமை தவறாதவர் என்றார். பதினோரு பேரும் கைதட்டினார்கள். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன்.

“அவ நாலு நாள் இருமினா. நான் யார்கிட்டயும் சொல்லல.”

தலைவருக்கு அது துக்கமாகவே கேட்டது. சார் உடைந்து போய்விட்டார், யாராவது தண்ணீர் கொடுங்கள் என்றார். தையல்காரம்மாதான் கொண்டுவந்தார். தம்ளரை நீட்டியபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“எனக்குத் தெரியும் சார். தண்ணி சத்தத்தையும் தாண்டி எங்க பாத்ரூம்ல கேட்டுச்சு.”

“ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமேம்மா.”

“உங்க கதவு வரைக்கும் வந்தேன். உங்கள நெனச்சுப் பயந்துபோய்த் திரும்பிட்டேன்.”

கூட்டத்தின் நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் எழுதுவது செயலாளர் வேலை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, செயலாளர் நன்றி கூறினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.