வலைக்கு அடியில் ஒரு அடுப்பு

வெளியாள் யாராவது வாசலில் வந்து நின்றால் நேசம்மாள் வீட்டில் ஒரே ஒரு அடுப்புதான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் இரண்டு.

முதல் அடுப்பு வீட்டுக்குள். மூத்த மருமகள் பெபிஷாவுடையது. அவள் கணவன் அனிஷ் சார்ஜாவிலிருந்து அனுப்பிய பணத்தில் டைல்ஸ் பதித்து, கேஸ் வைத்த அடுக்களை. இரண்டாவது, வீட்டுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கும் ஓலைச் சாய்ப்பில், மூன்று கல்லில். அது இளைய மருமகள் ரெஜிஷாவுடையது.

நான்கு வருடத்துக்கு முன்னால், பெபிஷாவின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று பந்தியில் அத்தனை பேர் இருக்க, "எனக்க மாப்பிள அங்க வெயில்ல கிடந்து வேவுறாரு, இங்க சிலருக்கு இருந்த இடத்துல சோறு" என்று பெபிஷா சொன்னாள். ரெஜிஷா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சாயங்காலமே தன் பானையை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போய்விட்டாள்.

நேசம்மாள் இதை ஊரறிய விடவில்லை. புருஷன் செத்தபிறகும் இரண்டு மருமகள்களையும் ஒரே பானையில் வைத்திருக்கிறாள் என்று மண்டைக்காட்டுக்கு மேற்கே அந்தக் கடலோரம் முழுக்க அவளுக்கு ஒரு பேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேரை முக்காடு போல் தலையில் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். அதனால் ஆள் வரும் சத்தம் கேட்டால் சாய்ப்பு அடுப்பின் மேல் ஒரு பழைய வலையை இழுத்துப் போடுவாள். ரெஜிஷா உள்ளே வந்து, பெபிஷா போட்ட டீயைச் சிரித்த முகமாக நீட்டுவாள். வந்தவர் தெரு முக்கு திரும்பியதும் இருவர் முகமும் பழையபடி ஆகிவிடும்.

ரெஜிஷாவின் கணவன் ஷிபு, நல்ல உடம்புக்காரன். மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவுக்குக் கடை பார்க்க வந்த ரெஜிஷாவைக் கண்டு, ஒரு வருடம் அவள் ஏறும் பஸ்ஸிலெல்லாம் தானும் ஏறி, அவள் சிரிக்கும் வரை டிக்கெட் எடுத்தவன். அவனுக்குத்தான் இப்போது வள்ளத்தைத் தள்ளும்போதே மூச்சு முட்டியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையிலிருந்து ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் ஷிபுவின் ஆயுசு முழுவதும் கடலுக்குப் போனாலும் கட்ட முடியாத தொகை.

அட்டைக்கு, குடும்பத்தின் வருட வருமானம் எழுபத்திரண்டாயிரத்துக்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். அவர் ரேஷன் கார்டைப் புரட்டினார். ஒரே கார்டு. அதில் அனிஷின் பெயர் முதல் மகனாக இருந்தது. கடலுக்கே போகாமல் கிடக்கிற தம்பியைக் கணக்கெடுத்தால் வருமானமே இல்லை, ஆனால் கார்டில் இருப்பதுதான் குடும்பம், சார்ஜா சம்பளத்தை நான் எங்கே ஒளிக்க என்று கேட்டார். ஒரு வழியும் சொன்னார். கார்டைப் பிரிக்க மனு கொடுங்கள். ஒரே கூரையானாலும் பரவாயில்லை, சமையல் தனி என்று தாலுகாவிலிருந்து வந்து பார்த்து எழுதிவிட்டால் ஷிபு தனிக் குடும்பம்.

விஷயம் நேசம்மாள் மூலமாகப் பெபிஷாவுக்குப் போனது. "பிரியுறதுன்னா அன்னைக்கே ஊரறியப் பிரிஞ்சிருக்கணும். காரியம் வந்தப்போதான் தனிக் குடும்பமோ?" என்று அடுக்களையிலிருந்து, சாய்ப்புக்குக் கேட்கும்படி பதில் வந்தது. நேசம்மாள் அழுதாள். பிறகு, மகனுக்காகச் சொல்லிவிடுகிறேன், வரும் ஆபீசரிடம் மட்டும், மெதுவாக, என்று ஒப்புக்கொண்டாள்.

ஆபீசர் வரும் நாளன்று ரெஜிஷா ஷிபுவை வார்டில் விட்டுவிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ் ஏறினாள். ஒரு வாரமாக அவள் ஆஸ்பத்திரியில்தான், பிள்ளை அவள் அம்மா வீட்டில். வந்ததும் தீ மூட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவள் முற்றத்தில் காலெடுத்து வைக்கும்போதே ஆபீசர் சிவதாணு வந்துவிட்டார். வழி காட்ட அவர் கூட்டி வந்திருந்தது கோயிலின் பங்குக் கமிட்டிச் செயலாளர் இஸ்ரவேலை.

இஸ்ரவேலைக் கண்டதும், சாய்ப்புப் பக்கம் நின்ற நேசம்மாளின் கை தானாக வலையை அடுப்பின் மேல் இழுத்துப் போட்டுவிட்டது.

"சமையல் எப்படிம்மா?" என்று சிவதாணு கேட்டார்.

நேசம்மாள் இஸ்ரவேலைப் பார்த்தாள். "எனக்க வீட்டுல என்னைக்கும் ஒரே பானைதான் சாரே."

மாமி, என்ன சொல்லுதிய என்று ரெஜிஷா ஓடிப்போய் வலையை உருவினாள். மூன்று கல். நடுவில் சாம்பல்கூட இல்லை. காற்று அள்ளிப்போயிருந்தது. கல்லின் மேல் சிலந்தி கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததாக அவள் சொன்னதைச் சிவதாணு கேட்டுக்கொண்டார். கார்டுக்காக எங்கிருந்தாவது பழைய கல்லைக் கொண்டுவந்து அடுக்கிக் காட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அப்போது பெபிஷா கையைத் துடைத்தபடி அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் ஒரே சமையலா?"

ஒரு 'ஆமா' போதும், மனு அத்தோடு முடிந்தது. ரெஜிஷா அவளையே பார்த்தாள். இந்த நான்கு வருடத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இவளுக்க கையால ஒரு துள்ளி தண்ணி குடிச்சு எனக்கு நாலு வருசமாச்சு" என்றாள் பெபிஷா.

"ஏட்டி, வாய மூடு" என்றாள் நேசம்மாள்.

"நான் எதுக்கு மூடணும்? நான் டெங்கி வந்து கிடந்தேன். சாய்ப்புல கஞ்சி கொதிக்க மணம் எனக்க கட்டிலு வரைக்கும் வந்துது. ஒரு கரண்டி கொண்டு தந்தாளா?"

ரெஜிஷாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "கஞ்சி குடுத்து விட்டப்போ கதவ அடச்சது யாரு? எனக்க பிள்ள கையில தட்டோட நிக்கும்போ?"

"மீன் கழுவுன தண்ணிய எனக்க துணிக்கொடிக்கு அடியிலதான் ஊத்துவா. ஒரு பிடி உப்புக்கு வேலி தாண்டி லீலாபாய் வீட்டுக்குப் போவா, எனக்க வாசல்ல ஏற மாட்டா. ராணியில்லா!"

"உங்க உப்ப தின்னதுக்குக் கேட்டது போதும்."

வேலிக்கு அப்பால் லீலாபாய் ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். சிவதாணு அவளைப் பார்க்க, அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார். இரண்டு பெண்களும் அவரை மறந்து போயிருந்தார்கள். குரல் கடற்கரை வரை போனது. நேசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

இஸ்ரவேல் அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார். "சாய்ப்புல புகை வாறது கடல்ல நிக்கவனுக்கே தெரியும் நேசம்மா. யாரும் உனக்கிட்ட கேக்கல்ல, அவ்வளவுதான்."

தனிச் சமையல் என்று எழுதிக்கொண்ட சிவதாணு, கார்டு வரும் முன் இன்னொருமுறை சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்றுவிட்டுப் போனார். ரெஜிஷா பஸ்ஸுக்குப் போகும் வழியில் பெபிஷாவின் வாசலில் நின்றாள். அக்கா என்றாள்.

"அக்கான்னு விளிக்காத. நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. எல்லாம் மனசுல இருந்து சொன்னது." கதவு அடைந்தது.

கார்டு வந்தது, சான்று வந்தது, காப்பீட்டு அட்டையும் வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். துணி எடுக்க வீட்டுக்கு வந்த ரெஜிஷா, தெரு முக்கிலேயே தன் சாய்ப்பின் மேல் புகையைக் கண்டாள். உள்ளே பெபிஷா குந்தியிருந்து, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் கஞ்சிப் பானை.

"அந்த சாரு முந்தின வாரம் புதனாழ்ச்ச வந்தாரு. தணுத்த அடுப்ப கண்டிருந்தா எழுதுனத வெட்டியிருப்பாரு. இனியும் வருவாரோ என்னவோ" என்றாள், திரும்பாமலே. "அரிசி உனக்குள்ளது, விறகும் உனக்குள்ளது. எனக்க வீட்டுல இருந்து தீப்பெட்டிகூட எடுக்கல்ல."

"கார்டு கிடைச்சாச்சு" என்றாள் ரெஜிஷா.

பெபிஷா ஊதுகுழலைக் கீழே போட்டாள். "அப்போ நீயே அணச்சிக்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ரெஜிஷா ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தாள். "இதுல உப்பில்ல" என்றாள், அடுக்களைக்குக் கேட்கும்படி.

"உனக்க உப்பு எங்க இருக்குன்னு நான் கண்டனா?"

அவள் வேலி தாண்டப் போகவில்லை. மேலே உறியிலிருந்து தன் உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கி, ஷிபுவுக்கு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். அடுப்பை அணைக்கவில்லை.