இரண்டாம் சுருளில் ஒரு சிரிப்பு

...இல்லை, சிரித்தாள், "சோப்பும் சீப்பும் சாவியும்" என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு, முதல் சுருளில், என் பிலிமில், அது இல்லை, இரண்டாவதில் இருக்கிறது, இரண்டாவது பூனையுடையது, ஒலிப்பதிவுக்குப் புதிதாக வந்த பையன். நடந்து வந்தால் காதில் விழாது, அதனால் அவனுக்கு அந்தப் பெயர், வந்து நாலு மாதம்தான், அதற்குள் ஸ்டுடியோ முழுக்கப் பூனை சொன்னால் சரியாம்... பன்னிரண்டு வருடமாக இங்கே ஒலிப்பதிவு என் பொறுப்பு, படத்தின் ஒலியை எந்தப் பிலிமில் பதிவது என்று நான் சொன்னதே முடிவு, இன்று என் பிலிமையும் அவன் கொண்டுவந்ததையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டு, எது சுத்தமாகக் கேட்கிறதோ அந்தச் சுருளின் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டுமாம், வெளியே தயாரிப்பாளர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவனுடைய எமல்ஷன் நைஸ்தான், பிலிமில் பூசிய மருந்தின் மணிகள் மாவு மாதிரி, மணி பொடியானால் இரைச்சல் குறையும், இது எனக்குத் தெரியாதா? ஆனால் வெளிச்சத்தைக் குடிக்கும், ஒலியைப் பிலிமில் வரைகிற விளக்கை ஏற்றிக்கொண்டே போகணும், பிலிம் மங்கிப் புகைந்து போனால் பூனையா வந்து பதில் சொல்லும்? புகையவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு என்று எழுதினால் நாளையிலிருந்து அது பூனை பிலிம், நான் அதைச் சுற்றிக் கொடுக்கிற ஆள்.

அந்த வரியைப் படித்தது என் மனைவி, பின்னணிக் குரல் கொடுப்பவள், அவள் சொல்லும் "ச" எந்த மோசமான பிலிமையும் கரகரவென்று காட்டிக் கொடுத்துவிடும், சோதனைக்கு எப்போதும் அவளைத்தான் கூப்பிடுவேன். எனக்குப் படிக்கும்போது மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி ஒரு குரல், அவனுக்கு மட்டும் சிரிப்பா, என்ன சொன்னான் அவளிடம், வீட்டில் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள்... இரு, இரு. இரண்டும் ஒரே வாசிப்பு அல்லவா? யாரும் ஏமாற்றக் கூடாது, ஒரே மைக், ஒரே குரல், ஒலியைப் பதிகிற இரண்டு காமிராவும் சேர்ந்து ஓட வேண்டும் என்று சட்டம் போட்டதே நான்தானே, பொறாமையில் அதுகூடவா மறந்துபோகும்? அப்படியானால் என் சுருளிலும் சிரித்திருக்கிறாள், இரைச்சல் விழுங்கிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் கேட்டேவிட்டேன். "எதுக்குச் சிரிச்ச?"

"சிரிக்காம? கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுட்டு மேஜை பூரா தேடுனீங்களே."

"என்னைப் பார்த்தா?"

"வேற யாரைப் பார்த்து? ஒவ்வொரு தடவையும் நீங்க ஏதாவது பண்ணுவீங்க, நானும் சிரிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன். கேட்டதே இல்லையா?"

கேட்டதே இல்லை. பன்னிரண்டு வருடம், எத்தனை சோதனை, எத்தனை சுருள், எல்லாம் நானே தேர்ந்தெடுத்த பிலிம்... கை தானாக இரண்டு என்று எழுதியது, இதைக் கேட்ட பிறகு வேறு எதை எழுத? திரும்பினால் சுவரோரம் பூனை, எப்போது உள்ளே வந்தானோ, முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஏன் இருக்கப் போகிறது? கழுவி வந்த சுருளை நேற்று ஓட்டிச் சரிபார்த்தது அவன்தான், தனியாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எத்தனை முறையோ... என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை எனக்கு முன்னால் அவன் கேட்டிருக்கிறான்.